கண்டெடுத்தவர் கையொப்பம்

சம்பள நாளில் முதியோர் இல்லத்துப் பிரார்த்தனை கொஞ்சம் நீண்டுவிடும். இல்லத்தை நடத்தும் பெரியவர் கண்களை மூடிக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே போவார். மேஜைமேல் உறைகள் அடுக்கியிருக்கும். நாங்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து உறைகளைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பிரார்த்தனை முடிந்ததும் ஒவ்வொருவராகப் போய் உறையை வாங்கி, முழுச் சம்பளத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டும். கதவை ஒட்டி ஒரு மர உண்டியல் இருக்கும். உறையிலிருந்து மூன்றில் ஒரு பங்கை எடுத்து அதில் போட்ட பிறகுதான் வெளியே வர முடியும். கட்டாயம் என்று யாரும் சொன்னதில்லை. உண்டியலுக்குப் பக்கத்தில் கணக்கர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். போட்டவர்களுக்கு உடனே ரசீது கிழித்துக் கொடுப்பார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே ரசீது. வீட்டில் பெண்டாட்டி சோறு போட்டாலும் சாப்பிட்டுவிட்டு ரசீது கிழிப்பார் என்று பெரியம்மா சொல்வாள்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. இல்லத்துச் சமையலறை அவள் பொறுப்பில் இருந்தது. அம்மாவுக்கு வார்டில் வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நானும் சலவை அறையில் சேர்ந்தேன். மூன்று பேரும் ஒரே மாடி அறையில் குடியிருந்தோம்.

ஒரு சம்பள நாளில் பெரியம்மா உண்டியல் முன்னால் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றாள்.

"ஏங்க, இந்தக் கையில வாங்கி அந்தக் கையில போடறதுக்கு, நீங்களே எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குடுத்துட்டா என்ன? எனக்கு அடுப்புல பால் கிடக்கு."

"நாங்க எடுத்தா அது பிடித்தம்மா. நீங்க போட்டா காணிக்கை," என்றார் ரசீது. "பிடித்தம்னா தணிக்கைக்காரன் கேள்வி கேப்பான். காணிக்கைன்னா கும்பிட்டுட்டுப் போயிடுவான்."

"சரி, எனக்கு என்ன கிடைக்கும்?"

"புண்ணியம்."

"அதுக்குத் தனி ரசீது உண்டா, இதுலயே சேர்த்தியா?"

எல்லோரும் சிரித்தோம். பெரியவரும் சிரித்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எழுந்து வந்து பெரியம்மாவின் தோளில் கை வைத்தார். "இது உங்க வீடும்மா. நாளைக்கு உங்களுக்கு முடியலைன்னா எங்க அனுப்பப் போறோம்? இங்க உங்களுக்கும் ஒரு கட்டில் இருக்கு."

எல்லாச் சம்பள நாளிலும் யாரிடமாவது இதைச் சொல்வார். எதையும் கிண்டல் செய்யும் பெரியம்மா இந்த ஒன்றை மட்டும் கிண்டல் செய்ததில்லை. கட்டிலைக்கூடப் பார்த்து வைத்திருந்தாள். பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில். அங்கே காலையில் வெயில் விழும். சமையலறைச் சத்தமும் கேட்கும். "நான் அங்க படுத்துக்கிட்டே புதுசா வர்றவளைத் திட்டலாம்," என்பாள்.

திட்டுவதற்கான நாள் சீக்கிரமே வந்துவிட்டது. ஒரு காலையில் பால் பாத்திரத்தை இறக்கும்போது பெரியம்மாவின் வலது கை பாத்திரத்தை விட்டுவிட்டது. பால் தரையெல்லாம் ஓட, அவள் அதன் நடுவில் உட்கார்ந்து, "யாருடி என் கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கறது?" என்று கேட்டாளாம். அப்படித்தான் அவள் கேட்டிருக்க வேண்டும். வாய் கோணிப்போனதால் பாதிதான் புரிந்தது என்று காய் நறுக்கும் அக்கா சொன்னாள்.

மருத்துவமனையிலிருந்து அவளை எங்கள் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். மாடிப்படி குறுகலானது. இறக்குவது என்றால் இரண்டு பேர் வேண்டும். அம்மாவும் நானும் வேலைக்குப் போனதும் பெரியம்மா தனியாகக் கிடந்தாள். தண்ணீரை இடது கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போவோம். வந்து பார்த்தால் தண்ணீர் அப்படியே இருக்கும். குடித்தால் போக வேண்டி வருமே என்று குடிக்காமல் இருப்பாள். ஒரு சாயங்காலம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். நனைந்த துணியை அம்மா அவிழ்க்கும்போது முகத்தை மட்டும் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று அம்மா அழவில்லை. "நாளைக்கு ஆபீசுக்குப் போறேன். கட்டிலைக் கேட்டுட்டு வர்றேன்," என்றாள். ஜன்னல் ஓரக் கட்டிலில் இருந்த கிழவி போன வாரம்தான் இறந்துபோயிருந்தாள். அந்த விரிப்பை நான்தான் துவைத்தேன்.

ரசீதுகளையெல்லாம் பெரியம்மா ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அம்மா டப்பாவோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். படிக்க வேண்டியிருந்தால் படிப்பதற்கு.

அலுவலகத்தில் பெரியவரும் ரசீதும் இருந்தார்கள். அம்மா சொல்லி முடிக்கும்வரை பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர் கண் கலங்கியது கூட. அப்புறம் ரசீதைப் பார்த்தார். ரசீது டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இதுதாம்மா சிக்கலே. உங்க அக்கா கொடையாளர்."

"சமையல்காரிங்க அவ."

"சம்பளப் புத்தகத்துல சமையல்காரி. இந்த ரசீதுப்படி கொடையாளர். வருஷா வருஷம் பட்டியல்ல பேர் அச்சாகுது. கொடையாளரைப் பயனாளியா சேர்க்கக் கூடாதுன்னு சட்டதிட்டத்துலயே இருக்கு. தான் குடுத்த பணத்துல தானே வந்து படுத்துக்கிட்டா அது தர்மமா? அதுக்குப் பேரு ஓட்டல்."

"ஓட்டலாவே இருக்கட்டும் சார். படுக்கட்டும்."

ரசீது சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. அம்மா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்ப குடுத்ததைத் திருப்பிக் குடுங்க. வீட்டோட ஒரு ஆளைப் போட்டுப் பாத்துக்கறேன்."

"கடவுளுக்குக் குடுத்ததை யாரும்மா திருப்பிக் குடுக்க முடியும்?" என்றார் பெரியவர். குரலில் அவ்வளவு பரிவு இருந்தது. "அது போன வருஷம் கூரைக்குப் போச்சு. அதுக்கு முந்தின வருஷம் பிரார்த்தனைக் கூடத்துக்கும் இந்த ஆபீசுக்கும் தரை போடப் போச்சு. எல்லாம் இங்கதான் இருக்கு. உங்க காலடியிலதான் இருக்கு."

அம்மா கீழே பார்த்தாள். தரை வழவழப்பாக இருந்தது.

பெரியவர் எழுந்தார். "கணக்கர் ஏதாவது வழி சொல்லுவார்," என்று சொல்லிவிட்டுப் போனார். வழி என்னவென்று அவர் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

ரசீது கதவைச் சாத்திவிட்டு வந்தார். அதுவரை இல்லாத சுறுசுறுப்பு அவருக்கு வந்திருந்தது. "பாருங்கம்மா, அந்தக் கட்டில் காலியா கிடக்கறது எனக்கும் தலைவலி. அந்தக் கட்டிலுக்குப் பணம் குடுக்கற அம்மா, இப்ப யாரு படுத்திருக்காங்க, போட்டோ அனுப்புங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஆனா அவங்களுக்கு ஆதரவற்றவங்கதான் வேணும். தங்கச்சி இருக்கறவங்க ஆதரவற்றவங்க ஆக முடியாது."

"நான் இருக்கேனே சார்."

"அதான் சொல்றேன். நீங்க இருக்கறதுதான் பிரச்சினை."

ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "பாப்பா, உன் எழுத்து மணி மணியா இருக்கும்னு சொன்னாங்க. நான் சொல்றேன், எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பேருந்து நிலையத்தில் உடல்நலம் குன்றிய நிலையில் இந்தப் பெண்மணி காணப்பட்டார். விசாரித்ததில் உறவினர் எவரும் இல்லை எனத் தெரிய வந்தது. மனிதாபிமானத்தின் பேரில் அழைத்து வந்து ஒப்படைக்கிறேன். கீழே ஒரு கோடு. கோட்டின் அடியில் அச்சடித்திருந்தது: கண்டெடுத்தவர் கையொப்பம்.

"பட்டியல்ல இருக்கற அவ பேரு?" என்று அம்மா கேட்டாள்.

"இனிஷியலை மாத்திட்டா வேற ஆளு. கடவுளுக்குத் தெரியும். தணிக்கைக்காரனுக்குத் தெரியாது."

அம்மா பேனாவை வாங்கினாள். அவளுக்குக் கையெழுத்துப் போட நேரம் ஆகும். ஒவ்வோர் எழுத்தாக வரைவாள். அன்று இன்னும் நேரம் ஆனது. ரசீது ஒருமுறை தொண்டையைக் கனைத்தார்.

அன்று சாயங்காலம் அம்மா பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மாவுக்குப் பேச்சு ஓரளவு தெளிந்திருந்தது. கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

"எங்க கண்டெடுத்தேன்னு போட்டிருக்கே?"

"பஸ் ஸ்டாண்டுல."

"பெஞ்சுலயா, தரையிலயா?"

"அதெல்லாம் எழுதலக்கா."

"பெஞ்சுன்னு எழுதியிருக்கலாமேடி. கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும்."

அம்மா சிரித்தாள், பெரியம்மாவும் சிரித்தாள். கோணல் வாயால் சிரிப்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு, "கையெழுத்து நீயே போட்டியா?" என்றாள்.

"வேற யாரு போடறது?"

"இல்ல, கேட்டேன்."

ஜன்னல் ஓரக் கட்டில் கிடைத்துவிட்டது. வெயில் விழுந்தது. சமையலறைச் சத்தம் கேட்டது. புதுச் சமையல்காரன் கொடுத்த சூப்பை முதல் நாள் வாயில் வைத்ததும், "என் கையால ஊத்தின அதே தண்ணிதான். இவன் ரெண்டு தம்ளர் கூட ஊத்தறான்," என்றாள். அவள் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னதும் ரசீதுதான்.

ஆனால் வார்டில் அக்கா என்று கூப்பிடக் கூடாது என்று ரசீது கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆய்வுக்கு எப்போது யார் வருவார்கள் என்று தெரியாது. உறவு தெரிந்தால் கட்டிலும் போகும், அம்மாவின் வேலையும் போகும். வார்டில் எல்லோரையும் பாட்டி என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள்.

"பாட்டி, வாயைத் திறங்க."

"யாருடி பாட்டி? உனக்கும் எனக்கும் மூணு வயசுதான் வித்தியாசம்."

"மெதுவாப் பேசு. பக்கத்துல கேக்குது."

மற்றவர்களுக்குச் செய்வதைவிட அதிகமாகச் செய்தாலும் ஆபத்து என்று அம்மா பயந்தாள். அதனால் குறைவாகச் செய்தாள். பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலை வாரிவிடுவாள். பெரியம்மாவின் தலை சிக்காகவே கிடக்கும். வேலை முடிந்து போகும்போது மற்ற எல்லாக் கட்டில்காரிகளிடமும் சொல்லிக்கொண்டு, ஜன்னல் ஓரத்தை மட்டும் பார்க்காமல் போவாள். வீட்டுக்கு வந்து, பெரியம்மா படுத்திருந்த இடத்தில் படுத்துக்கொள்வாள். நான் விரிப்பு மாற்றப் போகும்போது பெரியம்மா என்னிடம், "உங்கம்மாவுக்கு நடிப்பு நல்லா வருது. சினிமாவுக்குப் போகச் சொல்லு," என்பாள். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

கட்டிலுக்குப் பணம் கொடுக்கும் பெண்மணி ஒருநாள் நேரிலேயே வந்தார். நல்ல மாதிரிதான். செருப்பைத் தானே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வார்டுக்குள் வந்தார். கூடவே ஒரு போட்டோக்காரர், பெரியவர், ரசீது. நான் மடித்த விரிப்புகளோடு சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.

"பஸ் ஸ்டாண்டுல கிடந்தாங்கம்மா," என்றார் ரசீது. "எங்க ஊழியர் ஒருத்தங்கதான் பாத்துக் கூட்டிக்கிட்டு வந்தாங்க."

"யாரு? அவங்களைப் பாக்கலாமா?"

அம்மா கழிவறை வாளியோடு வந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்மணி வாளியைப் பார்க்காமல் அம்மாவைக் கட்டிக்கொண்டார். "உங்களை மாதிரி ஒருத்தங்க இருக்கறதாலதான் நாங்க நம்பிக் குடுக்கறோம். முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தரை, கூடப் பிறந்தவங்க மாதிரி…" அம்மா வாளியைக் கீழே வைப்பதா, பிடித்துக்கொண்டே நிற்பதா என்று தெரியாமல் நின்றாள்.

அந்தப் பெண்மணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பெரியம்மாவின் நல்ல கையை எடுத்துக்கொண்டார். "உங்களுக்கு யாருமே இல்லையாம்மா?"

பெரியம்மா அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் அம்மாவைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"ஒரு தங்கச்சி இருந்தா," என்றாள்.

ரசீதின் கை சட்டைப் பைக்குப் போய், எதையும் எடுக்காமல் திரும்பி வந்தது. பெரியவர் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். அம்மாவின் கையில் வாளியின் பிடி கிறீச்சிட்டது.

"இருந்தாளா? இப்ப எங்க?"

"செத்துட்டா."

"ஐயோ. எப்படிம்மா?"

"பஸ் ஸ்டாண்டுல," என்றாள் பெரியம்மா. "திடீர்னு. நல்லாத்தான் இருந்தா. கையில பேனாகூட வச்சிருந்தா."

அந்தப் பெண்மணி அழுதுவிட்டார். பேனா ஏன் என்று அவர் கேட்கவில்லை. நோயாளிகள் இப்படித்தான் கோர்வையில்லாமல் பேசுவார்கள் என்று நினைத்திருப்பார். போட்டோக்காரர் இரண்டு படம் எடுத்தார். கிளம்பும்போது அந்தப் பெண்மணி பெரியவரிடம், கட்டிலில் தன் குடும்பப் பெயர் வேண்டாம், இவருடைய தங்கையின் நினைவாக ஒரு பலகை வைக்க வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்றார். ரசீது அங்கேயே, நின்றபடியே, ரசீது கிழித்தார்.

அவர்கள் போன பிறகு அம்மா கட்டிலருகே வந்தாள். வார்டு என்பதை மறந்து, "ஏன்க்கா அப்படிச் சொன்னே?" என்றாள்.

"இருக்கான்னு சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும்."

"யாரும் இல்லைன்னு சொல்லியிருக்கலாமே. எதுக்குச் சாவடிக்கணும்?"

"நீ என்னைப் பொறுக்கிக்கிட்டு வந்தே. நான் உன்னைப் புதைச்சுட்டேன். கணக்கு நேராப் போச்சு. போ பாப்பா, வாளி நாறுது."

பாப்பா என்று அம்மாவை அவள் கூப்பிட்டதே இல்லை. பெயர் தெரியாத ஊழியர்களைத்தான் நோயாளிகள் அப்படிக் கூப்பிடுவார்கள்.

அடுத்த வாரம் பித்தளைப் பலகை வந்தது. அன்புத் தங்கையின் நினைவாக. கட்டிலின் தலைமாட்டில் இரண்டு திருகாணி போட்டு மாட்டினார்கள். வார்டில் உள்ள பலகைகளைத் தினமும் துடைப்பது அம்மாவின் வேலை. துணியில் சாம்பல் தொட்டு, எல்லாப் பலகையையும் துடைக்கிற மாதிரிதான் அதையும் துடைத்தாள். பெரியம்மா கண்ணை மூடிக்கொள்வாள். ஒருமுறை மட்டும், கண்ணைத் திறக்காமலே, "அழுத்தித் தேய்க்காதே பாப்பா, எழுத்து போயிடும்," என்றாள்.

பலகைக்கும் கட்டிலுக்கும் பணம் ஒரு வருஷத்துக்குத்தான். வருஷம் முடிந்தபோது அந்தப் பெண்மணி வரவில்லை. அவர் வேறு எங்கோ கண் தெரியாத பிள்ளைகளுக்கு உதவ ஆரம்பித்துவிட்டார் என்றார் ரசீது. சம்பள நாளன்று பிரார்த்தனைக்கு முன்னால் அம்மாவைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"யாராவது புதுப்பிச்சாத்தான் கட்டில் நிக்கும். இல்லைன்னா அரசாங்க வார்டுக்குத்தான் அனுப்பணும். எனக்கும் மனசு கேக்கல. ஆனா பணம் குடுக்கற ஆள் இல்லாத கட்டிலை நான் எப்படிக் கணக்குல காட்டறது?"

அரசாங்க வார்டு எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். அங்கிருந்து எங்களிடம் வருகிறவர்களின் முதுகைத் துடைப்பவள் அவள்தான்.

"நான் குடுத்தா?"

"தாராளமா குடுக்கலாம். உங்களுக்கும் அவங்களுக்கும்தான் சம்பந்தமில்லையே. சட்டத்துல தடை இல்ல." அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துச் சொன்னார்.

அன்று பெரியவர் வழக்கத்தைவிட நீளமாக நன்றி சொன்னார். அம்மா உறையை வாங்கி, முழுச் சம்பளத்துக்கும் கையெழுத்தை வரைந்துவிட்டு, உண்டியலுக்கு வந்தாள். மூன்றில் ஒரு பங்கைப் போட்டாள். பிறகு மிச்சத்தைப் பிரித்து அதிலும் பாதியைப் போட்டாள். ரசீது இரண்டு ரசீது கிழித்தார். "இனிமே உங்க பேரும் பட்டியல்ல மேல வந்துடும்," என்றார்.

நாங்கள் இருவரும் வார்டுக்குப் போனோம். மதிய சூப் வந்திருந்தது. பெரியம்மா ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாவது ரசீதை அவளுடைய நல்ல கையில் வைத்தாள்.

"என்னது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி படித்தேன். மறைந்த அன்புத் தங்கையின் நினைவாக, கட்டில் பராமரிப்பு, ஒரு மாதம். கொடுத்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர்.

பெரியம்மா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது, ஆனால் தொகை தெரியும்.

"மாசா மாசமா?"

"ம்."

"மிச்சம் என்னடி இருக்கும் உனக்கு?"

"இவ சம்பளம் இருக்குல்ல," என்றாள் அம்மா, என்னைக் காட்டி.

பெரியம்மாவின் கோணல் வாய் அசைந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள், வாயின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் காற்று வந்தது. "செத்த பிறகும் உனக்குச் சம்பளத்துல பிடிக்கறாங்களேடி," என்றாள்.

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்ததில்லை. பெரியம்மாவின் சிக்குத் தலையில் கையை வைத்து, "பிடிக்கலக்கா, நானாத்தான்…" என்று ஆரம்பித்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் ரசீதின் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே யாரோ புதியவர்களுக்கு அவர் எதையோ விளக்கிக்கொண்டு வந்தார்.

அம்மா எழுந்தாள். விரிப்பில் தான் உட்கார்ந்த இடத்தைக் கையால் நீவிவிட்டாள். கிண்ணத்தை எடுத்தாள்.

"வாயைத் திறங்க பாட்டி," என்றாள். "சூப் ஆறுது."

பெரியம்மா ரசீதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.